வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து பாடம் நடத்த: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் பள்ளி முதன்முதலில் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு பேசிய நாளில் 62 பிள்ளைகள், ஒரே ஒரு மடிக்கணினி. முன்வரிசை எட்டுப் பேருக்கு மட்டும்தான் திரை தெரிந்தது. நாங்கள் கும்மி அடித்தோம், அவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள், நாங்கள் கைதட்டினோம். உங்கள் ஊரில் யானை உண்டா என்று ஒரு பையன் கேட்டான், கோயிலில் உண்டு என்றோம். 40ஆவது நிமிடத்தில் இலவச ஜூம் தானாக அறுந்தது. போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அப்புறம் இரண்டு பக்கமிருந்தும் ஒரு மெயில்கூடப் போகவில்லை.

அதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. சேர்ந்து செய்ய வேலை எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு சில வருடம் தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி ஆசிரியரை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பின்னணி கொஞ்சம். பள்ளிகளை நாடு தாண்டி இணைக்கும் வேலையை யுனெஸ்கோ 1953-இல் 15 நாடுகளின் 33 பள்ளிகளோடு தொடங்கியது. 2015-இல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற உட்பிரிவு உலகக் குடியுரிமைக் கல்வியை, அதாவது உலகத்து மனிதர்களோடு பொறுப்பாக வாழக் கற்பதை, பெயர் சொல்லியே கேட்கிறது. அதே ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட பாடநெறி வழிகாட்டி இதை மூன்றாகப் பிரித்தது: அறிவது, உணர்வது, செயல்படுவது. அதிகாரிக்குக் கடிதம் எழுதும்போது இந்த 4.7 கைகொடுக்கும். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடலாம்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் பள்ளி

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு வெளிநாட்டுப் பள்ளியைப் பிடித்துவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அங்கேதான் கும்மியும் பொங்கல் பானையும் வந்து சேர்கின்றன. பண்டிகையில் தப்பில்லை. ஆனால் அதைக் காட்டத்தான் முடியும், அதை வைத்து எதிர்ப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல கேள்வியை நான் மூன்று விதமாகச் சோதிப்பேன். இரண்டு ஊரிலும் விடை வேறாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தெருவில் இறங்கி நாலு பேரைக் கேட்டு விடையைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அடுத்த ஊரின் விடையைக் கேட்டதும் நம் ஊரைப் பற்றி நமக்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். குடிநீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, பள்ளிக்கு எப்படி வருகிறோம் என்பவை எல்லாம் தேறும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: மத்தியானம் பள்ளியில் என்ன சாப்பிடுகிறோம், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நம்மிடம் சொல்ல நூறாண்டுக் கதை இருக்கிறது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு. ஜப்பானில் பள்ளி உணவுக்கென்று 1954-இலேயே சட்டம் போட்டார்கள். அங்கே பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வகுப்பறையில் பரிமாறுகிறார்கள், பிறகு அவர்களே ஒதுங்கவைக்கிறார்கள். பொருள் வாங்கும் செலவைப் பெற்றோர் கட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். ஃபின்லாந்தில் 1948 முதல் பள்ளி உணவு இலவசம். பிரேசிலில் 2009-இல் வந்த சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்பமாக உழைக்கும் சிறு விவசாயிகளிடம் செலவிடச் சொன்னது.

இந்த நாலு விவரத்தை வைத்தே ஒரு பருவத்தை ஓட்டலாம். 'ஜப்பானில் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், நாம் ஏன் செய்வதில்லை' என்று ஒருத்தி கேட்பாள். 'அவர்கள் ஏன் காசு கட்டுகிறார்கள், அவர்கள் பணக்கார நாடுதானே' என்று இன்னொருவன் கேட்பான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 2: இணைப் பள்ளியைத் தேடுவது

ஐ-எர்ன் என்ற அமைப்பு 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்ததில் பிறந்தது. அங்கே ஆசிரியர்கள் தங்கள் திட்டங்களைப் பட்டியலிடுவார்கள், பிடித்ததில் நாம் சேரலாம். யுனெஸ்கோவின் பள்ளி வலையமைப்பில் சேர நாட்டின் தேசிய ஆணையம் வழியாகப் போக வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சிலின் சர்வதேசப் பள்ளி விருது நம்மூர்த் தனியார் பள்ளிகளில் பிரபலம். ஓராண்டுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி, முடிவில் சான்றுகளோடு கோப்பு கொடுக்க வேண்டும். ஒழுங்கைக் கற்றுத் தருகிற வேலைதான். ஆனால் சில பள்ளிகளில் கோப்புக்காகவே போட்டோ எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு பள்ளிகளை இணையவழி இணைக்கும், 2005-இல் தொடங்கிய ஈ-ட்வின்னிங் இருக்கிறது. அது ஐரோப்பாவுக்கும் அதன் அக்கம்பக்க நாடுகளுக்கும் ஆனது, இந்தியப் பள்ளி அதில் பதிய முடியாது.

யாரும் சொல்லாத வழி ஒன்று உண்டு: தமிழிலேயே செய்வது. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தமிழ்ப் பள்ளி என்பது ஆறாம் ஆண்டு வரைதான், ஆகவே நம் 5, 6ஆம் வகுப்புகளுக்குப் பொருத்தமாக அமையும். இலங்கையில் நுவரெலியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஒவ்வொரு பகுதியின் அனுபவமும் வேறு. உலகக் கல்வி என்றால் ஆங்கிலத்தில்தான் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். மொழித் தடை இல்லாத இடத்தில் பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு ஆழமாகக் கேட்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நினைப்பு போய்விடும். எச்சரிக்கை ஒன்றே ஒன்று. ஒரே மொழி என்பதால் ஒரே வாழ்க்கை என்று ஆசிரியரே மயங்கிவிடக் கூடாது. ரப்பர்த் தோட்டத்து வரலாறும் தேயிலைத் தோட்டத்து வரலாறும் நம் பிள்ளைகளுக்குப் புதுசு.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையோடு நேர வித்தியாசமே இல்லை. மலேசியா, சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். ஜப்பானும் கொரியாவும் மூன்றரை மணி முன்னால், ஆகவே நம் காலை 10 மணி அவர்களுக்கு மதியம் 1.30. நம் பிற்பகல் 3 மணி இங்கிலாந்தில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். இதை மறந்து ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவோடு பள்ளி நேரத்தில் நேரலை நடக்காது. பதிவு செய்து அனுப்பிக்கொள்ளும் முறைதான் வழி.

படி 3: அனுமதியும் காகிதமும்

தலைமை ஆசிரியர் மூலம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தனியார் பள்ளி என்றால் தாளாளர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், பிற்பாடு எந்தப் பேச்சுக்கும் பதில் இருக்கும்.

பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஐரோப்பியப் பள்ளிகள் இதில் நம்மைவிடக் கறாராக இருப்பார்கள். அவர்கள் முகம் தெரியும் படத்தை அனுப்பவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் எண் ஆகியவை எங்கேயும் போகாது என்று அதிலேயே எழுதுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் தனியாக வாட்ஸ்அப் எண் மாற்றிக்கொள்ளக் கூடாது, எல்லாம் ஆசிரியர் வழியாகத்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணம் வேண்டாம். அந்தப் பக்கத்துப் பள்ளி அன்பாக நிதி திரட்டி அனுப்புகிறேன் என்று சொல்லும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. சட்டம் கிடக்கட்டும், பணம் வந்த நாளிலிருந்து இரண்டு வகுப்பும் சமமாகப் பேச முடியாது. எங்களுக்கு ஒருமுறை பழைய ஸ்வெட்டர் பெட்டி அனுப்ப ஆசைப்பட்டார்கள். மே மாதத்து வெயிலை வீடியோ எடுத்து அனுப்பினோம். 'யாதும் ஊரே' என்ற முதல் வரியைப் பேனரில் போடுகிறோம். பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்று அதே பாட்டு முடிவதை யாரும் போடுவதில்லை. இணைப் பள்ளி வேலைக்குத் தேவை அந்த முடிவுதான்.

படி 4: பிள்ளைகள் சந்திக்கும் முன் ஆசிரியர் தயாராவது

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலோ சனிக்கிழமை ஒன்றிலோ இரண்டு மணி நேரமாக நாலு அமர்வு போதும். ஆங்கில ஆசிரியர் மட்டும் வந்தால் பத்தாது. சமூக அறிவியல், அறிவியல், முடிந்தால் தமிழாசிரியரும் வரட்டும். தமிழாசிரியர் வந்த குழுக்கள் நன்றாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன், கதை கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

முதல் அமர்வில், இணைப் பள்ளி இருக்கும் நாட்டைப் பற்றி மனதில் வரும் பத்துச் சொற்களை ஒவ்வொருவரும் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். யாரும் படிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் உண்மையாக எழுதுவார்கள். அடுத்து நம் ஊர்ப் படம் ஒன்றைப் பாதி மறைத்துக் காட்டுங்கள். குப்பைமேடு மட்டும் தெரிந்தால் அது என்ன ஊர், பக்கத்தில் இருக்கும் புதுப் பேருந்து நிலையம் மட்டும் தெரிந்தால் என்ன ஊர் என்று பேசவிடுங்கள். நம் ஊரை இப்படி வெட்டிக் காட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. அடுத்தவர் ஊரை அப்படியேதான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது அமர்வு முழுக்கக் கேள்வி திருத்துவது. 'உங்கள் நாட்டில் ஏழைகள் உண்டா' என்ற கேள்வியைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். 'உங்கள் வீட்டில் மாதச் செலவில் எது அதிகம் என்று அம்மா சொல்வார்கள்' என்று ஒருவர் மாற்றினார், அதைவிட நல்ல திருத்தத்தை நான் பார்த்ததில்லை. இதற்கு ஒரே சட்டம்: எந்தக் கேள்வியை அனுப்பினாலும் அதற்கு நம் விடையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கும் கேள்வியைக் கேட்கவும் கூடாது. இந்தச் சட்டம் பாதிச் சங்கடத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும்.

மூன்றாவது அமர்வு நடித்துப் பார்ப்பது. ஒருவர் எதிர்ப் பக்கத்து மாணவராக உட்கார்ந்து, 'சாதி என்றால் என்ன, உன்னுடையது எது' என்று கேட்கட்டும். 'உங்கள் டீச்சர் அடிப்பாரா' என்று கேட்கட்டும். 'மாட்டுக்கறி சாப்பிடுவீர்களா' என்று கேட்கட்டும். மூன்றும் நிச்சயம் ஒருநாள் வரும். ஆசிரியர்கள் முதலில் செய்வது இரண்டு: பேச்சை மாற்றுவது, அல்லது 'அதெல்லாம் இப்போது இல்லை' என்பது. இரண்டாவது பொய், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கே அது பொய் என்று தெரியும். மதிய உணவுத் திட்டம் எடுத்தீர்கள் என்றால் இது இன்னும் கிட்டத்தில் வரும். சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்திகள் நம் மாநிலத்திலிருந்தே வந்திருக்கின்றன. நான் பழகிக்கொண்ட பதில் இப்படிப் போகும்: 'இருக்கிறது. சட்டப்படி தீண்டாமை குற்றம். அதை எதிர்த்து இங்கே நீண்ட காலமாகப் போராடுகிறார்கள். யாருடைய சாதியையும் இந்த வகுப்பில் கேட்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். உங்கள் ஊரில் பிறப்பை வைத்து யாரையாவது ஒதுக்குவது உண்டா, விசாரித்துச் சொல்லுங்கள்.' கடைசி வாக்கியம் முக்கியம். ஜப்பானில் புராக்கு மக்கள் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட வரலாறு உண்டு, அங்குள்ள ஆசிரியர் அதை எடுத்துப் பேச ஒரு வாசல் திறக்கும். பேசுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

நாலாவது அமர்வு எதிர்ப் பக்கத்து ஆசிரியரோடு. ஜப்பானியர்கள் 'ஜூக்யோ கென்க்யூ' என்று பாட ஆய்வு முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நடத்துபவருக்கு மார்க் போடும் வேலை இல்லை. நாடு தாண்டியும் இதைச் செய்யலாம். ஒரே பாடத்தை இரண்டு பேரும் அவரவர் வகுப்பில் நடத்தி, பெயர் மறைத்த ஐந்து நோட்டுப் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். 'உங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்களே' என்று அவர் கேட்டபோது எனக்கு முகம் சிவந்தது. கரும்பலகையில் எழுதிப் போட்டு நான்தான் பார்த்து எழுதச் சொன்னேன். பத்து வருடப் பணியிடைப் பயிற்சியில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

இணையவழிப் படிப்பும் உண்டு. சியோலில் 2000-இல் யுனெஸ்கோவின் கீழ் தொடங்கிய ஆசிய பசிபிக் சர்வதேசப் புரிதல் கல்வி மையம் உலகக் குடியுரிமைக் கல்விக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறது. அமைதிக்கும் நீடித்த வளர்ச்சிக்குமான கல்விக்கென்று 2012-இல் தொடங்கிய யுனெஸ்கோவின் மகாத்மா காந்தி நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. சான்றிதழ் வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன நாலு அமர்வுக்கு அது ஈடாகாது.

படி 5: இரண்டு ஆசிரியர்களின் முதல் கடிதம்

வகுப்பில் எத்தனை பேர், எத்தனை கருவி, மின்சாரம் எப்போது போகும், தேர்வு எப்போது, விடுமுறை எப்போது. வெட்கப்படாமல் எழுதுங்கள். நமக்கு ஜூனில் பள்ளி திறக்கும், செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் வந்தால் பொதுத்தேர்வு என்று யாரும் பேசக்கூட மாட்டார்கள். ஜப்பானில் ஏப்ரலில் ஆண்டு தொடங்கி, ஜூலைக் கடைசியிலிருந்து கோடை விடுமுறை. அவர்களோடு என்றால் அக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம். இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் ஜூலைப் பிற்பாதி வரை பள்ளி நடக்கும். அவர்களுக்கும் அக்டோபர், நவம்பர் பரவாயில்லை, அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் விடுமுறை வரும்.

படி 6: எட்டு வாரம்

எட்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மதிய உணவுக் கேள்வியை வைத்தே சொல்கிறேன். முதல் வாரம் நம் பிள்ளைகள் நம் சமையல் கூடத்தையே ஆராயட்டும். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவரையும் பேட்டி எடுக்கட்டும். தினமும் பார்க்கிற அந்த அக்காவின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வரும். இரண்டாவது வாரம் தட்டின் படம், விலைக் கணக்கு, மிச்சம் எவ்வளவு என்ற எடை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் போட்டு அனுப்புங்கள். அட்டவணை இரண்டு பள்ளிக்கும் ஒன்றாக இருப்பது அவசியம், இல்லையென்றால் ஒப்பிட முடியாது. மூன்றாவது வாரம் அவர்கள் அட்டவணையைப் படித்துக் கேள்வி எழுதுவது, நாலாவது வாரம் பதில். ஐந்தாவது வாரத்தில்தான் நேரலை, அதற்கு முன் வேண்டாம்.

நேரலைக்கு வகுப்பு முழுவதையும் உட்கார வைக்காதீர்கள். ஹைடெக் லேப் இருந்தால் ஆறாறு பேராகப் பிரியுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு பேர் போதும், மற்றவர்களுக்கு அடுத்த முறை. தனி மைக் வாங்குங்கள், புரொஜெக்டரைவிட அது முக்கியம். ஆங்கிலம் இரண்டு பக்கத்துக்கும் இரண்டாம் மொழி என்றால் வாக்கியத் தொடக்கங்களை அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு பிள்ளை தமிழில் பேசி இன்னொருவர் மொழிபெயர்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆறாவது, ஏழாவது வாரங்களில் இரண்டு வகுப்பும் தங்கள் பள்ளியில் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பரிமாறும் முறை வைத்தார்கள். முதல் நாள் சாம்பார் கொட்டியது. மூன்றாம் நாள் ஒரு பையனின் அப்பா, என் மகன் என்ன சர்வரா என்று கேட்டு வந்தார். அவரை உட்காரவைத்துப் பேசினோம், முழுக்கச் சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். இதையும் எழுதி அனுப்பினோம். அந்தக் கடிதத்துக்கு வந்த அளவு பதில் வேறு எதற்கும் வரவில்லை.

எட்டாவது வாரம் முடிவுகளை மாற்றிக்கொண்டு விடைபெறுங்கள். அடுத்த ஆண்டு தொடரலாமா என்று அப்போது கேட்டால் போதும்.

படி 7: என்ன கற்றார்கள் என்று பார்ப்பது

தேர்வு வேண்டாம். தொடக்கத்தில் பிள்ளைகளும் அந்த நாட்டைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்க வேண்டும். முடிவில் மறுபடி எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் கூடியிருக்கிறதா என்று எண்ண வேண்டாம், எழுவாயைப் பாருங்கள். முதல் தாளில் 'ஜப்பான்காரர்கள் சுத்தமானவர்கள்' என்று இருக்கும். இரண்டாவது தாளில் 'அந்த வகுப்பில் சில பேர்', 'எங்கள் குழுவோடு பேசிய பெண்' என்று வந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. 'பாவம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுவேன். வனெஸ்ஸா ஆண்ட்ரியோட்டி என்ற கல்வியாளர் 2006-இல் உலகக் குடியுரிமைக் கல்வியை மென்மையானது, விமர்சனமானது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இரக்கப்பட்டு உதவுவதோடு நிற்பது ஒன்று, இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று கேட்பது இன்னொன்று. 'பாவம்' குறைந்து 'ஏன்' கூடுகிறதா என்பதுதான் என் அளவுகோல். ஆசிரியர்களின் ஒட்டிய உறைகளையும் அன்றைக்குத்தான் திறக்க வேண்டும், அவரவர் உறையை அவரவர்.

படி 8: மாறுதல் வரும் முன் கோப்பு

நம்மூரில் இணைப் பள்ளி உறவைக் கொல்வது பணமும் இணையமும் இல்லை, மாறுதல் கலந்தாய்வு. ஆசிரியர் போனால் உறவும் போய்விடும், ஏனென்றால் எல்லாம் அவருடைய சொந்த மெயிலில் இருக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே பள்ளியின் பெயரில் ஒரு மெயில் முகவரி தொடங்குங்கள், கடவுச்சொல் தலைமை ஆசிரியரிடமும் இருக்கட்டும். எப்போதும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தே செய்யுங்கள், ஒருவர் வயதில் இளையவராக இருந்தால் நல்லது. கோப்பில் வைக்க வேண்டியவை: அனுமதிக் கடிதங்கள், பெற்றோர் ஒப்புதல் படிவங்கள், காலியான அட்டவணை ஒன்று, எதிர்ப் பக்கத்து விடுமுறைப் பட்டியல், என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் சொல்ல முடியாமல் போனது என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பு கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக வருபவர் அதைத்தான் முதலில் படிப்பார்.